நட்டு சட்டென்று விட்டால் கை எங்கே போகும்?

பராமரிப்புப் பிரிவின் கைக்காய அறிக்கைகளைப் புரட்டினால், காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: கவனக்குறைவு. சுரங்கமானாலும் சிமென்ட் ஆலையானாலும் இதில் வித்தியாசம் இல்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த ஷிப்டில் எதையும் மாற்ற முடியாது. ஸ்பேனர் வழுக்கியதா? என்ன சைஸ் ஸ்பேனர், எந்த நட்டு, வழுக்கியபோது கை போய் இடித்த இடத்தில் என்ன இருந்தது என்று எழுதினால் அடுத்தவனுக்கு உபயோகப்படும்.

உற்பத்தியில் ஒரே வேலை திரும்பத் திரும்ப நடப்பதால் அதற்குத் தடுப்பு போடலாம், முறையை வகுத்துவிடலாம். மெஷினைக் கழற்றிப் பழுது பார்க்கும் பிட்டருக்கு அந்த வசதி இல்லை. இன்று கிரஷர் லைனர், நாளை கன்வேயர் ரோலர், மறுநாள் சேற்று பம்பு. இடம் குறுகல், வெளிச்சம் போதாது, தொட்டதெல்லாம் கிரீஸும் கல்தூசும். கையில் இருப்பதோ சாதாரண ஸ்பேனரும் சம்மட்டியும். கிரேன் தூக்கும் வேலைக்கு நாலு பேர் கூடித் திட்டம் போடுவார்கள். இறுகிப்போன ஒரு நட்டைக் கழற்ற யாரும் திட்டம் போடுவதில்லை.

இந்தக் காயங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரியானவை என்பது என் எண்ணம். முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது எதிரே இருந்த பிடிமானம் திடீரென்று காணாமல் போகிறது. நட்டு விடுகிறது, அல்லது ஸ்பேனர் நழுவுகிறது, அல்லது கடப்பாரை பிடுங்கிக்கொள்கிறது. அதுவரை கொடுத்த பலம் முழுக்க கையையும் தோளையும் தூக்கிக்கொண்டு போகும். ஆகவே பலம் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இது இப்போதே விட்டால் கை எதில் மோதும், உடம்பு எந்தப் பக்கம் சாயும்?

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 8.8 என்ற வலிமைத் தரத்தில் ஒரு எம்24 (24 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் படாத மறையில், அதாவது திருகுப் புரியில், அதை இறுக்க ஏறக்குறைய 700 நியூட்டன் மீட்டர் முறுக்கு (திருப்பு விசை) தேவை. நட்டு 36 மி.மீ., அதற்கான ஸ்பேனர் சுமார் 40 செ.மீ. நீளம். ஒரு ஆள் நிலையாக நின்று 40 கிலோ இழுத்தால் கிடைப்பது 160 நியூட்டன் மீட்டருக்கும் குறைவு. தேவையில் கால் பங்குகூட இல்லை. துரு ஏறியிருந்தால் கழற்ற வேண்டிய முறுக்கு இறுக்கியதைவிடவும் கூடும். அதாவது வெறும் கையால் அந்த ஸ்பேனரை வைத்து இந்த நட்டைக் கழற்றவே முடியாது. அது பிட்டரின் குற்றமல்ல. வேலைக்கு அந்தக் கருவி போதாது.

அப்போதுதான் பைப் வருகிறது. ஸ்பேனரின் பிடியில் ஒன்றரை மீட்டர் குழாயைச் சொருகினால் கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் ஸ்பேனரின் வாய் தாங்கும் அளவுக்குத்தான் தயாரிப்பாளர் பிடியின் நீளத்தை வைத்திருக்கிறார். நீளத்தை நாலு மடங்காக்கினால் திறந்த வாய் ஸ்பேனரின் தாடை விரியும், விரிந்ததும் நட்டின் முனைகளை உருட்டிவிட்டு நழுவும். சொருகிய பைப் ஸ்பேனரைவிட்டு உருவிக்கொண்டு வந்து முகத்தில் அடிப்பதும் உண்டு. வாய் விரிந்த ஸ்பேனரைச் சம்மட்டியால் தட்டி ஒடுக்கி மறுபடி பெட்டியில் போடுகிறார்களே, அதை இரண்டாக வெட்டி இரும்புக் கழிவில் போடுவதுதான் சரி.

வழுக்குவதற்கு இன்னொரு காரணம் சைஸ் கலப்பு. பழைய மெஷின்களில் அங்குல போல்ட்டும் மில்லிமீட்டர் போல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 1 7/16 அங்குல ஸ்பேனர் என்றால் 36.5 மி.மீ. அதை 36 மி.மீ. நட்டில் போட்டால் உட்காரும், லேசாகத் திருகவும் செய்யும். முழு பலம் கொடுக்கும்போது அந்த அரை மில்லிமீட்டர் ஆட்டத்தில் பிடிப்பு முழுவதும் நட்டின் முனைகளுக்குப் போய்விடும். ஏற்கெனவே முனை தேய்ந்த நட்டுக்குப் பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் உதவாது. ஆறு மூலை உள்ளது நட்டின் பக்கத்தைப் பிடிப்பதால் அதைத்தான் எடுக்க வேண்டும். வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஸ்பேனர் வேறு வழியே இல்லாதபோது மட்டும். அதிலும் அசையும் தாடை இருக்கும் திசையை நோக்கித்தான் திருப்ப வேண்டும். அப்போதுதான் பாரம் அசையாத தாடையில் விழும். பைப் ரின்ச்சில் கொக்கித் தாடையின் அடிப்பகுதி பைப்பில் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். முட்டினால் பல் கடிக்காது, ரின்ச் சுழன்றுவிடும்.

தள்ளாதே, இழு என்று எல்லாரும் சொல்வார்கள். தள்ளும்போது விட்டால் விரல் முட்டிகள் எதிரே உள்ள இரும்பில் போய் இடிக்கும் என்பதுதான் காரணம். ஆனால் இழுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. விட்டால் ஆள் பின்னால் போவான். பின்னால் நடைமேடையின் விளிம்பு இருந்தால் அது முட்டி உரிவதைவிட மோசம். ஒரு காலை முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்து, உடம்புச் சாய்வை நம்பாமல் கை பலத்தில் இழுக்க வேண்டும். தள்ளத்தான் இடம் இருக்கிறது என்றால் பிடியைச் சுற்றி விரலை மடக்காமல், விரித்த உள்ளங்கையால் தள்ளலாம்.

இறுகிய நட்டுக்குச் செய்ய வேண்டியதை முந்தைய நாளே ஆரம்பிப்பது நல்லது. வெளியே தெரியும் மறையைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க ஊற விட வேண்டும். மறுநாள் முதலில் இறுக்கும் திசையில் கொஞ்சம் அசைத்துப் பார்த்து, பிறகு கழற்ற வேண்டும். மசியவில்லையென்றால் நட்டைச் சூடாக்கலாம், எண்ணெயைத் துடைத்த பிறகு. பக்கத்தில் பேரிங், ரப்பர் சீல், ஹைட்ராலிக் ஹோஸ் இருந்தால் கூடாது. துத்தநாகம் பூசிய போல்ட்டைச் சூடாக்கினால் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வாயு வரும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சூட்டு வேலை பற்றிப் பேசவே வேண்டாம். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். அங்கே நட்டு ஸ்ப்ளிட்டரை வைத்து நட்டைப் பிளந்து எடுத்துவிடலாம். பெரிய போல்ட்டுகள் நிறைய இருந்தால் முறுக்குப் பெருக்கியோ ஹைட்ராலிக் டார்க் ரின்ச்சோ வேண்டும் என்று கேட்டு வாங்குவதுதான் சரி. ஹைட்ராலிக் ரின்ச்சில் ஒரு எச்சரிக்கை: அது எதிர்விசைக்காக ஊன்றும் இரும்புக் கைக்கும் மெஷினுக்கும் நடுவில் விரல் இருந்தால் எலும்பு மிஞ்சாது. சுவிட்சை அழுத்துபவரும் ரின்ச்சைப் பிடிப்பவரும் இரண்டு பேராக இருக்கும்போது இது எளிதில் நடந்துவிடும்.

சம்மட்டியால் அடித்துத் திருப்பும் ஸ்லாகிங் ஸ்பேனரிலும் இதே இரண்டு பேர் சங்கதிதான். ஒருவர் ஸ்பேனரைப் பிடிக்க, இன்னொருவர் அடிக்கிறார். அடி தப்பினால் பிடித்தவர் விரல். ஸ்பேனரைக் கையால் பிடிக்கவே கூடாது. முதல் அடிக்கு முன் தொய்வில்லாமல் உட்கார வைத்து, கயிறு கட்டித் தள்ளி நின்று இழுத்துப் பிடிக்கலாம், அல்லது நீளப் பிடி உள்ள பிடிப்பானை உபயோகிக்கலாம். நட்டு விட்டால் ஸ்பேனர் பறக்கும் என்பதால் அந்தக் கயிற்றின் மறுமுனை ஏதாவது உறுதியான இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். சம்மட்டி சுழலும் நேர்கோட்டில், முன்னாலும் சரி பின்னாலும் சரி, ஆள் நிற்கக் கூடாது.

கடினமாக்கிய எஃகைக் கடினமாக்கிய எஃகால் அடித்தால் சிதறும். சுத்தியலைச் சுத்தியலால் அடிப்பது, பேரிங்கின் வளையத்தை நேராகச் சுத்தியலால் தட்டுவது, இரண்டும் இந்த வகை. நடுவில் பித்தளைக் கட்டையோ செப்புச் சுத்தியலோ இருக்க வேண்டும். உளியின் தலை அடி வாங்கி வாங்கிக் காளான்போல விரிந்து ஓரத்தில் மடல் மடலாகத் தொங்கும். அடுத்த அடியில் அந்த மடல்தான் தெறிக்கும். கிரைண்டரில் தேய்த்து ஓரத்தைச் சரித்து விட வேண்டும். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும், நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

தெறிக்கும் சில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணுக்குள் போனால் சில சமயம் வலியே தெரியாது. லேசான கரகரப்பு, கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். கழுவிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். உள்ளே தங்கிய இரும்பு மெல்ல மெல்லக் கரைந்து விழித்திரையைக் கெடுக்கும். இரும்பை இரும்பால் அடிக்கும்போது கண்ணில் ஏதோ பட்டது என்றால் தேய்க்காமல், அழுத்தாமல், கண்ணுக்கு மேல் ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கண் மருத்துவரிடம் போக வேண்டும். சுத்தியல் வேலையில் பட்டது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போதுதான் சிடி எடுப்பார்கள். எம்ஆர்ஐக்குள் போகக் கூடாது, காந்தம் அந்தச் சில்லை நகர்த்திவிடும்.

கன்வேயர் பெல்ட் வெட்டும் கத்தி தனி ரகம். தடித்த ரப்பரை ஒரே இழுப்பில் வெட்ட நினைப்பதில்தான் காயம் தொடங்குகிறது. அழுத்தம் கூடக் கூட, கத்தி வெளிவரும்போது அதன் வேகமும் கூடும். எதிரே இடது கையோ தொடையோ இருக்கும். லேசாகக் கோடு போட்டு, அதே கோட்டில் பல தடவை ஓட்ட வேண்டும். கொக்கி பிளேடு இருந்தால் இன்னும் நல்லது. மழுங்கிய பிளேடுதான் கையை அதிகம் வெட்டும் என்பது கேட்க வேடிக்கையாக இருந்தாலும் உண்மை, ஏனென்றால் மழுங்கியதை அழுத்தித்தான் ஆக வேண்டும். கேபிள் உறை உரிக்க அதற்கான கருவி இருக்கும்போது கத்தி எதற்கு?

சுரங்கத்துக்கே உரியது, கூரையில் தொங்கும் தளர்ந்த கல்லைக் கடப்பாரையால் இடித்துத் தள்ளும் வேலை. தட்டினால் கணீரென்றால் கல் உறுதி, டொப்பென்றால் பிளவு. தாங்கு போட்ட, உறுதியான கூரையின் கீழ் நின்று, அங்கிருந்து முன்னோக்கித்தான் போக வேண்டும். கடப்பாரையை வயிற்றுக்கு நேராகப் பிடிக்காமல் உடம்புக்குப் பக்கவாட்டில், சாய்வாகப் பிடிக்க வேண்டும். நேர்க்குத்தாகப் பிடித்தால் விழும் கல் கடப்பாரை வழியாகவே வழுக்கி வந்து கையை நசுக்கும். கூரை உயரத்துக்குக் குட்டையான கடப்பாரையோடு போனால் ஆள் கல்லுக்கு நேர் கீழே நிற்க நேரும்.

கிரீஸ் கன்னை யாரும் ஆபத்தான சாமான் என்று நினைப்பதில்லை. நெம்புகோல் கன் ஒன்று 700 பார் அழுத்தம் வரை தரக்கூடியது. கிரீஸ் உள்ளே போகும் நிப்பிள் அடைத்திருக்கும்போது, அல்லது ஹோஸில் ஊசித்துளை விழுந்திருக்கும்போது, கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. ரத்தம்கூட வராது. உள்ளே கிரீஸ் தசைநார் உறை வழியாக உள்ளங்கை வரை பரவியிருக்கும். சில மணி நேரம் கழித்து விரல் வீங்கி வலி தாங்காமல் போகும்போது தசை செத்துக்கொண்டிருக்கும். இது கட்டுப்போட்டு அனுப்பும் காயம் அல்ல, உடனே கை அறுவை சிகிச்சை தெரிந்தவரிடம் போக வேண்டிய காயம். உயர் அழுத்தக் கிரீஸ் உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவருக்குச் சொல்லாவிட்டால் அவரும் ஏமாந்துபோகலாம். அடைத்த நிப்பிளை அழுத்திப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஹோஸில் எங்கே கசிகிறது என்று விரலால் தடவித் தேட வேண்டாம், அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. வெட்டைத் தாங்குவது நசுங்கலைத் தாங்காது. புறங்கையில் ரப்பர் திண்டு வைத்தது இடியைக் கொஞ்சம் வாங்கும், சம்மட்டியை வாங்காது. சுழலும் டிரில்லில் கையுறை போட்டால் துணி சுற்றிக்கொண்டு விரலையும் இழுத்துப் போகும். இரண்டு பிளேட்டைச் சேர்க்கும்போது போல்ட் ஓட்டை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கு எந்தக் கையுறையும் பதில் இல்லை. அதற்கு வால் கூரான போட்ஜர் ஸ்பேனரோ டிரிஃப்ட் கம்பியோ இருக்கிறது.

திரும்பப் பூட்டும்போது மறையில் நட்டு இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட் பூசினால் அடுத்த முறை பைப் தேடும் வேலை குறையும். ஆனால் பேஸ்ட் உராய்வைக் குறைத்துவிடும். உலர்ந்த மறைக்குச் சொன்ன முறுக்கை அப்படியே கொடுத்தால் போல்ட் அளவுக்கு மேல் இழுபட்டு நீண்டுவிடும், சில சமயம் பூட்டும்போதே அறுந்து ஸ்பேனரோடு ஆளையும் சாய்க்கும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை மெஷின் மேனுவலிலும் பேஸ்ட் தயாரிப்பாளரின் தாளிலும் பார்த்து, பேனலின் உட்புறம் பெயின்ட் மார்க்கரால் எழுதி வைத்துவிடலாம்: போல்ட் சைஸ், ஸ்பேனர் சைஸ், பேஸ்ட் பூசியது, முறுக்கு இவ்வளவு.