ஆச்சி கேட்டதற்கு லாக்கில் பதில்

2025 ஜூலை 7, திங்கள்

காலையிலேயே ஆச்சி போன் செய்தார். "தம்பி, மலேசியாவுலேர்ந்து ஒரே பேர்ல ஒரே ஆர்டர் ரெண்டு வந்திருக்கே. தேன்குழல் ரெண்டு கிலோவா, நாலு கிலோவா? மாவு பிசையணும்ல."

காரைக்குடியில் அவருடைய பலகாரக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ், அதன்மேல் எக்ஸ்பிரஸ், சின்ன டேட்டாபேஸ், அவ்வளவுதான். சர்வரில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவான லாக்கைத் திறந்தால் 'ஆர்டர் வந்தது' என்று கன்சோல்.லாக் கட்டளை எழுதிய வரிகள் வரிசையாக நிற்கின்றன. எந்த ஆர்டர், எத்தனை மணிக்கு என்று எதுவும் இல்லை. வாடிக்கையாளரிடமே கேட்டு இரண்டு கிலோ என்று உறுதி செய்தோம். ஒவ்வொரு முறையும் அவர்களையே கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இந்த வாரம் லாக் வேலைதான்.

ஜூலை 8, செவ்வாய்

லாக் எழுத உதவும் லைப்ரரிகளில் வின்ஸ்டனா பினோவா என்று பார்த்து, பினோவை எடுத்தேன். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரியும் ஜேசான், அதாவது பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம். அப்புறம் தேடுவதற்கு அதுதான் வசதி. ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று காட்டும் நிலைகளுக்குப் பினோவில் எண் உண்டு: டீபக் 20, இன்ஃபோ 30, வார்ன் 40, எரர் 50. சர்வரில் இன்ஃபோவுக்குக் கீழே எதுவும் எழுதாதபடி வைத்தேன்.

முக்கியமான வேலை வேறு. உள்ளே வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அந்த எண்ணைத் தன் ஒவ்வொரு வரியிலும் சேர்த்தெழுதும் ஒரு சைல்டு லாகரை உருவாக்கினேன். டேட்டாபேஸ், கூரியர் கட்டணம், மின்னஞ்சல் என்று அந்தக் கோரிக்கை எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் அதே எண் கூடவே போகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஆர்டர் போட்டு வரிகள் கலந்து கிடந்தாலும் ஒருவருடையதை மட்டும் பிரித்தெடுக்கலாம். லாக்கில் ஒரே ஒரு விஷயம்தான் சேர்க்க முடியும் என்றால் இதைத்தான் சேர்ப்பேன்.

ஜூலை 9, புதன்

பிழைகளை எழுதும் இடங்கள். ஜாவாஸ்கிரிப்டில் பிழை விவரம் இருக்கும் எரர் ஆப்ஜெக்டை அப்படியே ஜேசானாக மாற்றினால் வெறும் இரண்டு அடைப்புக்குறிதான் மிஞ்சும். செய்தியும் வராது, பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக்கும் வராது. பினோவில் 'எர்ர்' என்ற பெயரில் கொடுத்தால் இரண்டையும் முழுதாக எழுதிவிடும். பிழையைப் பிடிக்கும் எல்லா கேட்ச் பகுதிகளிலும் அப்படி மாற்றினேன்.

ஜூலை 10, வியாழன்

கல்யாணச் சீருக்குப் பலகாரம் சொல்கிறவர்கள் வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் தருகிறார்கள். ஆச்சியை நம்பித் தருவது அது. லாக்கில் ஏன் கிடக்க வேண்டும்? லாக்கில் எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்று பினோவுக்குச் சொல்லும் ரிடாக்ட் அமைப்பில் போன், முகவரி, உள்நுழைவுச் சான்று வரும் ஆத்தரைசேஷன் ஹெட்டர் மூன்றையும் சேர்த்தேன். ஆர்டர் எண்ணும், வாங்குபவர் பலகாரங்களைச் சேர்த்துவைக்கும் கூடையின் எண்ணும் இருந்தால் தேடப் போதும்.

ஜூலை 12, சனி

மறுபடியும் இரட்டை ஆர்டர், மறுபடியும் மலேசியா. கைமுறுக்கும் சீப்புச்சீடையும். வாங்கியவர் மதியம் 1 மணி என்கிறார், ஆச்சி காலை பத்தரை என்கிறார், லாக்கில் 05:00. மூன்றும் ஒரே நேரம்தான். சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதுகிறது, நாம் அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் முன்னால், மலேசியா எட்டு மணி நேரம். யூடிசியை மாற்றவில்லை. கடல் கடந்து ஆர்டர் வரும் கடைக்கு ஒரே கடிகாரம் இருப்பதுதான் நல்லது.

அந்த நேரத்தில் ஒரே கூடை எண்ணோடு இரண்டு கோரிக்கைகள், 8 விநாடி இடைவெளியில். முதல் கோரிக்கையின் அடையாள எண்ணைப் பிடித்துப் போனால், கூரியர் கட்டணம் கேட்ட இடத்தில் 11 விநாடி காத்திருப்பு. திரையில் எதுவும் நகராததால் அவர் பொத்தானை மறுபடி அழுத்தியிருக்கிறார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மாலைக்குள் டேட்டாபேஸில் ஒரே எண் இரண்டு முறை பதியாதபடி கூடை எண்ணை யுனிக் ஆக்கினேன். அதே கூடை இரண்டாம் முறை வந்தால் முதல் ஆர்டரின் எண்ணையே திருப்பித் தரும், லாக்கில் ஒரு வார்ன் வரி விழும்.

ஜூலை 14, திங்கள்

வார்ன் வரி இரண்டு விழுந்திருக்கிறது, ஆச்சியின் பட்டியலில் இரட்டை ஆர்டர் எதுவும் இல்லை. சர்வரில் லாக்கைச் சேர்த்துவைக்கும் சிஸ்டம்டி ஜர்னல் டிஸ்க்கை நிரப்பிவிடாதபடி அதற்கு 500 எம்பி வரம்பு வைத்தேன். கூரியர் கட்டணம் 5 விநாடிக்குள் வராவிட்டால் காத்திருக்காமல் ஆர்டரை ஏற்றுக்கொண்டு, கட்டணத்தைப் பின்னால் சொல்லலாமா என்று ஆச்சியிடம் கேட்டேன். "தாராளமா செய்ங்க தம்பி, நம்ம ஆளுகதானே" என்றார். நாளைக்கு அந்த வேலை.