25-ஆவது ஆட்டம்

காலை ஒன்பதரை மணிக்கு அவர் சிகிச்சை அறைக்குள் நுழைந்தபோது டீப் ஹீட் வலிக் களிம்பின் வாசனையும் கூடவே வந்தது. நான் அன்று இன்னும் யாருக்கும் எதையும் தடவியிருக்கவில்லை. என்னுடைய டியூப் அலமாரியில்தான் இருந்தது. அப்படியென்றால் வீட்டிலேயே தடவிக்கொண்டு வந்திருக்கிறார். டீயைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் கால்?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை, ஃபிசியோ" என்றார். மார்ச் மாதத்தில் சொல்லப்படும் 'ஒன்றும் இல்லை'யை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அதற்குள் எனக்குப் பழகியிருந்தது.

கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவன் நான். லங்காஷயரில் ஓர் அரசு மருத்துவமனையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அப்புறம்தான் லீக் டூ கால்பந்து கிளப் ஒன்றில் சேர்ந்தேன். பிரீமியர் லீக்கின் 20 கிளப்புகளுக்குக் கீழே மூன்று அடுக்குகளில் 72 கிளப்புகள் இருக்கின்றன. அவற்றில் கடைசி 24 தான் லீக் டூ. இங்கே ஆடுபவர்களும் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான். ஆகஸ்டில் தொடங்கி மே முதல் வாரம் வரைக்கும் லீக்கில் மட்டும் 46 ஆட்டம். சனிக்கிழமை ஒன்று, பல வாரங்களில் செவ்வாய் இரவு இன்னொன்று. எங்கள் ஆட்டக்காரர்களில் நான்கு பேர் எம்62 நெடுஞ்சாலையில் பர்ச் சர்வீஸில் மூன்று கார்களை நிறுத்திவிட்டு ஒரே காரில் பயிற்சிக்கு வருவார்கள். பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான். செவ்வாய் இரவு தெற்கே ஆட்டம் இருந்தால் பேருந்தில் திரும்பி வந்து சேர அதிகாலை மூன்று மணி, நான்கு மணி ஆகிவிடும். புதன்கிழமை காலையில் என் மேசையில் படுக்கும் கால்களைத் தொட்டாலே எத்தனை மைல் பயணம் என்று சொல்லிவிடலாம். அவ்வளவு விறைத்திருக்கும்.

மருத்துவமனையில் என்னிடம் வந்தவர்கள் வலியைச் சொல்லத்தான் வந்தார்கள். எங்கே, எப்போது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் என்று விவரமாகச் சொல்வார்கள். கிளப்பில் அது தலைகீழ். அதிலும் ஒரு காலக்கணக்கு உண்டு. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் சின்னப் பிடிப்பு என்றாலும் வந்து சொல்லிவிடுவார்கள். ஜனவரி தாண்டியதும் வாய் மூடிக்கொள்ளும். மார்ச்சில் யாருக்கும் எங்கும் வலிக்காது.

காரணம் ஜூன் 30. ஒப்பந்தங்கள் முடியும் நாள் அது. இந்த அடுக்கில் பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம், மிஞ்சிப்போனால் இரண்டு. அடுத்த ஆகஸ்டில் எந்த ஊரில் இருப்போம், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வாடகை வீட்டை நீட்டிப்பதா வேண்டாமா என்பதெல்லாம் மே மாதத்தில் ஓர் அறைக்குள் ஐந்து நிமிடத்தில் முடிவாகும். ஒப்பந்தம் முடிந்தவரைப் பழைய கிளப் பணம் கேட்டுத் தடுக்க முடியாது என்ற பொஸ்மான் தீர்ப்பு 1995-இல் வந்தபோது ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு விடுதலை கிடைத்தது என்றார்கள். மேலே இருப்பவர்களுக்கு அது உண்மையாகவே விடுதலைதான். கீழே அந்தச் சொல்லுக்கு ஜூலை முதல் தேதியிலிருந்து சம்பளம் இல்லை என்று அர்த்தம்.

டீப் ஹீட் வாசனையோடு வந்தவர் எங்கள் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். வயது 29. ஒன்பது வயதில் பெரிய கிளப் ஒன்றின் அகாடமிக்குள் போனவர். 16 வயதில் அங்கேயே இரண்டு வருடப் பயிற்சி இடம் கிடைத்தது. 18 முடிந்ததும், உயரம் போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு ஏழு கிளப். நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்சல் வேன் ஓட்டியிருக்கிறார். மூத்த மகளை அந்தச் செப்டம்பரில் பள்ளியில் சேர்க்க வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: அந்தப் பருவத்தில் 25 லீக் ஆட்டங்களில் தொடக்க அணியில் இறங்கினால் ஒப்பந்தம் இன்னொரு வருடம் தானாக நீளும். நவம்பர் வரை பெஞ்சில் இருந்தவர், நல்ல ஆட்டம் ஆடி இடத்தைப் பிடித்தார். அந்தக் காலையில் கணக்கு 20. மீதம் பத்து ஆட்டம்.

ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை லேசாக மடக்கிக் குதிகாலைத் தூக்கச் சொன்னேன். சுவரில் இரண்டு விரல் மட்டும் ஊன்றிக்கொள்ளலாம். வலது கால் 27 முறை தூக்கியது, எந்தத் தடுமாற்றமும் இல்லை. இடது கால். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது முறை குதிகால் பாதி உயரத்தில் நின்றுவிட்டது. ஒன்பதில் விரல்கள் சுவரை அழுத்த ஆரம்பித்தன. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலியைக் காட்டாமல் இருக்க இருபது வருடம் பழகிய முகம் அது. ஆனால் நகங்கள் வெளுத்திருந்தன. குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலின் உள்பக்கம் ஆழமாக அழுத்தினேன். ஒரு புள்ளியில் அவர் மூச்சு நின்றது.

சோலியஸ் தசை. கெண்டைக்காலில் மேலே தெரியும் தசைக்கு அடியில் இருப்பது. இது கிழிந்தால் சுருக்கென்று குத்தாது. 'இறுக்கமாக இருக்கிறது' என்று மட்டும் தோன்றும், கொஞ்சம் ஓடினால் சூடாகி இறுக்கம் விட்டுப்போனதுபோல இருக்கும். அதனால்தான் ஆட்டக்காரர்கள் இதை வாரக்கணக்கில் மறைக்க முடிகிறது. சின்னக் கிழிசல் ஒரு நாள் பெரிய கிழிசலாகும், மூன்று வாரம் மூன்று மாதமாகும். அவர் பத்து நாளாக இபுபுரூஃபன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "இதை எழுதாமல் இருக்க முடியுமா, ஃபிசியோ? இன்னும் ஐந்து ஆட்டம் போதும்."

எழுதினேன். அன்று மதியமே கேஃபரிடம் சொன்னேன். மேனேஜரை இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஸ்கேனும் நான் நினைத்ததையே சொன்னது. மூன்று வாரம் ஓய்வும் பயிற்சியும். ஐந்து ஆட்டம் போய்விட்டது.

அந்த மூன்று வாரம் நாங்கள் இருவரும் தினமும் சேர்ந்து இருந்தோம். முதலில் நீச்சல் குளம், அப்புறம் சைக்கிள், அப்புறம் புல்லில் நேர்கோட்டில் ஓட்டம், கடைசியில் திரும்பி வளைந்து ஓடுவது. ஒரு நாளைக்கூட அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மீதி ஐந்து ஆட்டத்திலும் இறங்கினால் சரியாக 25 வரும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். இருவருமே அதைப் பேசவில்லை.

திரும்பி வந்து நான்கு ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ஆடினார். நன்றாகவே ஆடினார். 24.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். எங்களுக்கு மேலே போகவும் வழியில்லை, கீழே இறங்கவும் பயமில்லை. அணிப் பட்டியல் ஒட்டியபோது லெஃப்ட் பேக் இடத்தில் 19 வயதுப் பையனின் பெயர் இருந்தது. இளைஞர்களுக்கு வாய்ப்பு என்றார்கள். அந்தப் பையன்மேல் எந்தத் தப்பும் இல்லை, அவனுக்கு அது கனவு நாள். ஒப்பந்தத்தின் அந்த வரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. பெஞ்சில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஷின் பேடை எடுத்து உள்ளே வைப்பதும் வெளியே எடுப்பதுமாக. 88-ஆவது நிமிடம் இறக்கினார்கள். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாற்று ஆட்டக்காரராக இறங்குவது கணக்கில் சேராது.

சிறிய கிளப்புகளின் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. 1885-இல் தொடங்கி, எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்ற பரி கிளப்பை 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கினார்கள், பணப் பிரச்சினையால். அடுத்த வருடம் செப்டம்பரில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன் கிளப் நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது. இரண்டு ஊரும் எங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை. அங்கே சம்பளம் வராமல் மாதக்கணக்கில் ஆடியவர்களோடு ஒன்றாக ஆடியவர்கள் எங்கள் டிரெஸ்ஸிங் ரூமிலும் இருந்தார்கள். ஒரு சம்பளத்தை மிச்சம் பிடிப்பது கிளப்புக்கு உயிர்ப் பிரச்சினையாக இருக்கலாம். ஆனாலும் ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டு, உழைத்து, வாசல்வரை வந்து நிற்கும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது தப்பு. அன்று அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அதில் மாற்றம் இல்லை.

இந்த அடுக்கில் எல்லாருக்கும் இரண்டு கதை மனப்பாடம். ஒன்று ஜேமி வார்டி. 16 வயதில் ஷெஃபீல்ட் வெனஸ்டே கிளப் அவரை விட்டுவிட்டது, தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சிறிய கிளப்பில் ஆடினார், 2016-இல் லெஸ்டர் கிளப்புடன் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். இன்னொன்று ரிக்கி லாம்பர்ட். பிளாக்பூல் கிளப் விட்டபின் பீட்ரூட் தொழிற்சாலையில் ஜாடிக்கு மூடி போட்டவர், 2013-இல் வெம்பிளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டையில் இறங்கி முதல் தொடுதலிலேயே கோல் அடித்தார். அப்போது அவருக்கு வயது 31. பெற்றோர்கள் இந்தக் கதைகளைச் சொல்லிப் பிள்ளைகளைத் தேற்றுவார்கள். எனக்கு மனதில் நிற்பது வேறொருவர். டோனி ஃபோர்ட். 1975-இல் கிரிம்ஸ்பியில் தொடங்கி 2001-இல் ரோச்டேலில் முடிக்கும்வரை 931 லீக் ஆட்டங்கள். இங்கிலாந்து லீக்கில் கோல்கீப்பர் அல்லாத எவரும் இவ்வளவு ஆடியதில்லை. பெரும்பாலும் கீழ் அடுக்குகளில், சேறு நிறைந்த மைதானங்களில். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய கெண்டைக்கால்களைப் பற்றித்தான் யோசிப்பேன். எத்தனை மார்ச் மாதங்களை அவை தாண்டியிருக்கும்.

கடைசி ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் ஒவ்வொருவராகக் கேஃபர் அறைக்குப் போனார்கள். என் அறை அதற்கு அடுத்தது. குரல் கேட்காது, கதவுச் சத்தம் மட்டும் கேட்கும். இவர் உள்ளே போய் நான்கு நிமிடத்தில் வெளியே வந்தார். டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய்த் தன் பூட்ஸ்களைக் கறுப்புக் குப்பைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டார். எல்லாரும் அதில்தான் எடுத்துப் போவார்கள், அதற்கென்று ஒரு பை யாரும் கொண்டுவருவதில்லை. பையை என் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே வந்து, ஒன்றும் சொல்லாமல் மேசையில் குப்புறப் படுத்தார். ஜூன் 30 வரை நான் அவருடைய ஃபிசியோதான். இடது கெண்டைக்காலை இருபது நிமிடம் பிடித்துவிட்டேன். தசை மெதுவாக இளகியது. எழுந்ததும், "அன்றைக்கு எழுதியது சரிதான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சரிதான் என்று எனக்கும் தெரியும். இன்னொரு முறை அதே காலை வந்தாலும் அதையேதான் எழுதுவேன். ஆனாலும் 20-இலிருந்து 24 வரைக்குமான அந்த எண்கள் என்னை விட்டுப் போகவில்லை.

ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பருவத்துக்கு முந்தைய நட்பு ஆட்டம் ஒன்றின் அணிப் பட்டியல். மற்ற பத்துப் பேருக்கும் பெயர் இருந்தது. லெஃப்ட் பேக் இடத்தில் 'ட்ரயலிஸ்ட்' என்று மட்டும். ஒப்பந்தம் இல்லாமல் தகுதி காட்ட வருகிறவரின் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். எந்த வயதானாலும், எத்தனை நூறு ஆட்டம் ஆடியிருந்தாலும் அன்றைக்கு அதுதான் பெயர்.

எத்தனை நிமிடம் என்று கேட்டேன். 60 என்றார். இரண்டு மாத இடைவெளி, கெட்டியான கோடைத் தரை, 60 நிமிடம். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கெண்டைக்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை.

"கொஞ்சம் இறுக்கம். இங்கே இருக்கிற ஃபிசியோவிடம் சொல்லிவிட்டேன்."

அந்தக் கிளப் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் லீக்குக்கு வெளியே பகுதிநேரக் கிளப் ஒன்றில் சேர்ந்தார். செவ்வாயும் வியாழனும் மாலையில் பயிற்சி, பகலில் மறுபடியும் பார்சல் வேன். வேனின் கிளச்சை மிதிப்பது இடது கால். நாள் முழுக்க அதே கெண்டைக்காலுக்கு வேலை. குதிகால் தூக்கும் பயிற்சியை நிறுத்த வேண்டாம், தினமும் காலையில் 25 முறை, என்று எழுதி அனுப்பினேன். அனுப்பியபிறகுதான் அந்த எண்ணைக் கவனித்தேன். அவசரமாக 30 என்று மாற்றி இன்னொரு செய்தி அனுப்பினேன்.