டிபி மாத்திரையும் சூரை மீனும்

காசநோய்க்காரரை சானடோரியம் என்கிற தனி ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று காட்டியது 1956-ல் நம்ம சென்னையில் தொடங்கிய ஆய்வு. மருந்தும் இன்று அரசில் இலவசம். ஆனாலும் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய காசிமேடு, ராயபுரம் பக்கம் மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எல்லாம் நோயாளியின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது.

பரிசோதனைக்குக் கொடுக்கும் சளி டப்பாவிலேயே சிக்கல் ஆரம்பிக்கும். எச்சில் துப்பிக் கொடுத்தால் பரிசோதனை வீண். வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கணும். மொட்டைமாடியில், கக்கூஸுக்குள் அல்ல. இரண்டாவது சாம்பிள் ‘விடியற்காலைச் சளி’ என்பார்கள். மீன் ஏலத்துக்கு ராத்திரியே கிளம்புகிறவருக்கு எது விடியற்காலை? எப்போது தூங்கினாலும், எழுந்ததும் வரும் முதல் சளிதான்.

மாத்திரை எடைக்கணக்குப்படி. 35 முதல் 49 கிலோ வரை தினம் 3, 50 முதல் 64 வரை 4. முதல் 2 மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த 4 மாதம் மூன்று சேர்ந்தது. சிறுநீர் ஆரஞ்சாகப் போவது அதில் உள்ள ரிஃபாம்பிசின் மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போகணும்.

துறைமுகப் பக்கம் கவனிக்க வேண்டியது சூரை, கானாங்கெளுத்தி. ஐஸ் சரியாகப் படாத இந்த மீன்களில் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி போலத் தொல்லை தரும் பொருள் சேரும். குழம்பு கொதித்தாலும் அழியாது. அதை உடம்பு சிதைக்க விடாமல் டிபி மாத்திரையில் உள்ள ஐசோநயசிட் மருந்து தடுக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை வெடிக்கும், நெஞ்சு படபடக்கும். ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று நிறுத்துவது இங்கேதான். நிறுத்த வேண்டியது மீனை.

நோயாளியின் சத்துணவுக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் வங்கியில் விழும். முதல் 3,000 ஆரம்பத்தில், அடுத்த 3,000 சிகிச்சையில் 84 நாள் கடந்ததும். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறு பெயர், முடங்கிப்போன கணக்கு என்றால் விழாது. பதிவு செய்யும்போதே பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பாருங்கள்.

மாத்திரையை வாரம் ஒருமுறை வந்து வாங்கு என்றால் மாதத்தில் நாலு நாள் கூலி போச்சு. 1,000 ரூபாய் அதற்கே சரி. ஒரு மாத அட்டையை மொத்தமாகத் தரச்சொல்லிக் கேளுங்கள்.