கூத்துக்கு எவ்வளவு காசு?

கலை, கலாசாரத்தைப் பாதுகாப்பம் எண்டு வாக்குக் கேட்டு வாற எல்லாக் கட்சிக்காரரிட்டயும் கேக்கன்: எவ்வளவு காசு, எந்த வருசத்தில இருந்து, ஆருக்கு?

எங்கட ஊரில ஒரு வடமோடிக் கூத்து (எங்கட பாரம்பரியக் கூத்தில ஒரு வகை) களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வர மாசக்கணக்கா இராப்பழக்கம் வேணும். பகலில வயல், கடல், மேசன் வேலை. இரவில சதங்கை. மத்தளத்துக்குத் தோல் மாத்த, கரப்புடுப்பு எண்ட கூத்து உடுப்புத் தைக்க, விடிய விடிய லைட் எரிய, எல்லாம் ஆடுற பொடியன்மாரிட கைக்காசு. பழக்கிற அண்ணாவியாருக்கு மாச வருமானம் எண்டு ஒண்டுமில்ல. வயசு போன காலத்தில அரசாங்கத்திட கலாபூஷணம் விருது குடுத்துப் பொன்னாடை போத்தினா அடுப்பெரியுமா? (அந்த விருதை நான் மதிக்கன், அது வேற.)

மட்டக்களப்பு, கல்லடி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில படிச்சு வாற பிள்ளைகளையும் மறந்திடாதீங்க.

அண்ணாவிமாருக்கு மாசக் கொடுப்பனவு, ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் கூத்துக்கெண்டு தனி ஒதுக்கீடு. தொகையோட எழுதித் தாங்க, மறுகா வாக்குக் கேளுங்க.