கருப்பூர் போர்வெல் நீரில் டாங்கனிக்கா சிக்லிட்: மக்னீசியத்தை அளந்த பிறகு

எங்கள் தொட்டியில் நியோலாம்ப்ரோலோகஸ் மல்ட்டிஃபேசியேட்டஸ் குஞ்சு பொரித்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த, நத்தை ஓட்டையே வீடாகக் கொள்ளும் இந்தச் சின்னஞ்சிறு சிக்லிட் மீனின் குஞ்சுகள் இப்போது ஓட்டின் வாயருகே மிதந்தபடி இரை எடுக்கின்றன. யாராவது தொட்டிப் பக்கம் நிழலாடினால் எல்லாம் ஒரே நொடியில் உள்ளே போய்விடுகின்றன. அந்த ஏரி நீரைப் போலச் செய்வதற்காகக் கடையில் விற்கும் டாங்கனிக்கா உப்பில் ஒரு கரண்டியும் சேர்க்காமல், சேலம் கருப்பூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர், மொட்டைமாடி மழைநீர், சமையல் சோடா ஆகிய மூன்றை மட்டும் வைத்தே இந்த நிலையை எட்டியிருக்கிறேன் என்பதால், செய்த முறையை விரிவாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

சேலத்தில் மீன் வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், போர்வெல் நீர் தொட்டிக்கு ஆகாது, ஆர்.ஓ. போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பிறகு தேவையான உப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். மென்னீர் மீனான டிஸ்கஸை வளர்ப்பவருக்கு அது பொருந்தும். டாங்கனிக்கா மீன்களுக்கு அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும். அந்தக் கழிவோடு நாம் சாக்கடைக்கு அனுப்பும் மக்னீசியத்தைத்தான் பிறகு பொட்டலமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடி, கருப்பூர் பகுதிகளில் பூமிக்கடியில் இருப்பது மாக்னசைட். டியூனைட் என்னும் கரும்பச்சைப் பாறையின் வெடிப்புகளில் வெள்ளை நரம்புகளாக ஓடும் இந்தக் கல் வேதியியலில் மக்னீசியம் கார்பனேட். அதைச் சூழ்ந்துள்ள டியூனைட்டும் மக்னீசியம் மிகுந்த பாறையே. சுரங்கத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா, "இந்த மண்ணுல போர் போட்டா தண்ணியில சோப்பு நுரைக்காது கண்ணு" என்று அடிக்கடி சொல்வார். நுரைக்காததற்குக் காரணமான கடினத்தன்மையில் சுண்ணாம்பின் பங்கு எவ்வளவு, மக்னீசியத்தின் பங்கு எவ்வளவு என்பதுதான் எனக்குத் தேவைப்பட்ட செய்தி.

ஏனென்றால், "ஆப்பிரிக்க சிக்லிட்" என்று கடைகளில் ஒரே பெயரில் விற்கப்படும் மீன்கள் ஒரே வகை நீரில் வாழ்பவை அல்ல. மலாவி ஏரியில் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 20 மில்லிகிராமும் மக்னீசியம் சுமார் 5 மில்லிகிராமும் இருக்க, டாங்கனிக்காவில் இந்த விகிதம் தலைகீழாகிக் கால்சியம் சுமார் 10, மக்னீசியம் சுமார் 40 என்று நிற்கிறது. அதன் பிஹெச் 9ஐ ஒட்டியும், கார்பனேட் கடினத்தன்மை (பிஹெச்சை நிலையாக வைத்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) 16 முதல் 18 டிகிரி வரையிலும் இருக்கும். வழக்கமான ஜி.ஹெச். (மொத்தக் கடினத்தன்மை) சோதனைப் பெட்டி இந்த இரண்டு உலோகங்களையும் கூட்டி ஒரே எண்ணாகத்தான் காட்டும், கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனாவோ அதையும் காட்டாது. ஆகவே தரம்பார்த்தல் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தை வைத்து அளக்கும் முறை) செய்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். பிளஸ் டூ ஆய்வகத்தில் பியூரெட் பிடித்த எவரும் இதை வீட்டிலேயே செய்யலாம்.

மொத்தக் கடினத்தன்மையைக் கண்டுபிடிப்பது எளிது. 50 மில்லி நீரில் பிஹெச்சை 10இல் நிறுத்தி வைக்கும் அம்மோனியா தாங்கல் கரைசலும் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியும் சேர்த்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.வின் 0.01 மோலார் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒயின் சிவப்பு மறைந்து தெளிந்த நீலம் வரும். செலவான மில்லியை 20ஆல் பெருக்கினால் கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது கிடைத்துவிடும். எங்கள் நீருக்கு 24 மில்லி செலவாயிற்று, அதாவது 480. நிறங்காட்டியைக் கரைசலாக வைத்தால் சில நாட்களில் கெட்டுப்போகும் என்பதால், ஒரு பங்குக்கு நூறு பங்கு சோடியம் குளோரைடு சேர்த்து அரைத்துப் பொடியாகவே வைத்திருக்கிறேன். ஒரு சிட்டிகை போதும்.

சிக்கல் முழுவதும் கால்சியத்தைத் தனியாக அளக்கும் படியில்தான் இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பிஹெச்சை 12க்கு மேல் ஏற்றினால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாக வீழ்ந்துவிடும், மீதமுள்ள கால்சியத்தை மியூரெக்சைடு நிறங்காட்டி கொண்டு அளக்கலாம் என்பது பாடம். மக்னீசியம் குறைவான நீரில் அது அப்படியே நடக்கும். எங்கள் நீரிலோ காரம் விட்டவுடனே குடுவை முழுவதும் வெண்மையாகக் கலங்கி, அந்த வீழ்படிவு நிறங்காட்டியைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறும் அந்தக் கணம் எங்கே என்று தெரியாமல் வழுக்கிக்கொண்டே போகிறது. ஒரே நீருக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வந்தது.

இதற்குப் பலன் தந்த வழி: 25 மில்லி நீரை எடுத்து வாலை வடிநீர் கலந்து 50 மில்லியாக நீர்க்கச் செய்து, காரம் சேர்த்த கையோடு, வீழ்படிவு திரள்வதற்குள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். அதோடு, இன்னொரு கூம்புக் குடுவையில் அதே அளவு நீருக்குத் தேவைக்கு மேலாகவே ஈ.டி.டி.ஏ. விட்டு, முழு ஊதாவாக மாறிய அந்தக் குடுவையை ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு குடுவைகளையும் வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிறமாற்றம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடுகிறது, எல்.ஈ.டி. விளக்கடியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் பிரியவே மாட்டேன் என்கின்றன. இப்படிச் செய்யத் தொடங்கியதும் மூன்று மில்லி என்ற அளவு மாறாமல் நின்றது. 25 மில்லி நீர்தான் எடுத்ததால் 40ஆல் பெருக்க, கால்சியம் கடினத்தன்மை 120. மீதி 360 மக்னீசியத்துடையது. தனிமங்களாக மாற்றினால் லிட்டருக்குக் கால்சியம் 48, மக்னீசியம் ஏறத்தாழ 87 மில்லிகிராம். தாளில் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதியபோது எனக்கு ஏற்பட்ட நிறைவு சாதாரணமானதல்ல: இந்த நீரைச் சரிபாதியாக நீர்க்கச் செய்தால் கால்சியம் 24, மக்னீசியம் 44. கால்சியம் ஏரியைவிட இரண்டு மடங்குக்கு மேல்தான். மக்னீசியமோ ஏறக்குறைய ஏரியின் அளவேதான்.

நீர்க்கச் செய்வதற்கு மொட்டைமாடி மழைநீரைப் பயன்படுத்துகிறேன். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்து வருவதைக் கரி வடிகட்டி வழியாகத் தனித் தொட்டியில் பிடித்து, வெளிச்சம் படாமல் மூடி வைத்தால் நீண்ட நாள் கெடுவதில்லை. மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர் நீரையும் கலக்கலாம். ஆனால் குளோரினை நீக்கத் தயோசல்பேட் சேர்க்க வேண்டும், அந்த நீரின் கடினத்தன்மையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மழைநீரில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை.

கார்பனேட் கடினத்தன்மையைச் சொட்டு மருந்துப் பெட்டியிலேயே பார்க்கிறேன். 5 மில்லிக்குப் பதிலாக 10 மில்லி நீர் எடுத்தால் ஒரு சொட்டு அரை டிகிரியாகிவிடும் என்பதால் துல்லியம் கூடுகிறது. கிணற்று நீர் 22 டிகிரி, பாதியாக்கினால் 11. அதை 16க்கு உயர்த்த 100 லிட்டருக்கு, டிகிரிக்கு 3 கிராம் வீதம் சமையல் சோடா வேண்டும். நான் நீர் தயாரிக்கும் 40 லிட்டர் டிரம்முக்கு 6 கிராம். இதை நிறுக்க, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வாங்கும் சிறு மின் தராசு ஒன்றை வாங்கிக்கொண்டேன். இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. கலக்கும் வரிசையும் முக்கியம். மழைநீரையும் கிணற்று நீரையும் முதலில் சேர்த்து, சோடாவைக் கடைசியில்தான் கரைக்க வேண்டும். நேராகக் கிணற்று நீரில் சோடாவைக் கொட்டினால் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் பிரிந்து டிரம்மின் சுவரில் படிந்துவிடும். துணி துவைக்கும் சோடாவை இந்த இடத்தில் நினைத்தே பார்க்கக் கூடாது.

பிஹெச் பேனா வைத்திருப்பவர்கள் கிணற்று நீரை இறைத்த உடனே அளந்து 7.2 என்று குறித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அது நிலத்தடியில் கரைந்திருக்கும் கரியமில வாயுவின் அளவைக் காட்டும் எண். நீரின் நிலையான குணத்தைக் காட்டுவதல்ல. டிரம்மில் காற்றுக் கல் போட்டு ஒரு நாள் முழுவதும் ஓடவிட்ட பிறகு, சோடா கலந்த என் நீர் 8.7இல் நிற்கிறது. ஜன்னல்கள் மூடிய இரவுகளில் அறையில் கரியமில வாயு கூடுவதால் விடிகாலையில் தொட்டியின் அளவு 8.5 வரை இறங்குவதும் உண்டு; அதைப் பார்த்துக் கலங்கி எதையும் சேர்க்க வேண்டியதில்லை. பேனாவை 6.86, 9.18 ஆகிய இரண்டு தாங்கல் கரைசல்களில் சரிபார்ப்பது நல்லது. நம் அளவு அந்த இரண்டுக்கும் இடையில்தான் வருகிறது. 9.18 கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் தானே இறங்கிவிடும் என்பதால், பழைய கரைசலை நம்பாமல் புதுப் பொட்டலத்தைக் கரைக்க வேண்டும்.

இந்தப் பிஹெச்சில் அம்மோனியாவை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும், 8.5இல் அதுவே ஏறத்தாழ 15 பங்காகிவிடும். ஆகவே அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் முழுமையாக வளரும்வரை நான் மீன் விடவே இல்லை. நைட்ரஜன் சுழற்சி கார்பனேட்டையும் தின்பதால், வாரத்துக்கு அரை டிகிரி அளவு குறைகிறது. வாராந்திர நீர் மாற்றத்தில் அது ஈடாகிவிடுகிறது.

மணல், ஓடு பற்றிச் சில வார்த்தைகள். இந்த மீன்கள் நாள் முழுவதும் வாயால் மணல் அள்ளிக்கொண்டே இருப்பவை, எனவே கூர்முனை கொண்ட எம்-சாண்ட் வேண்டாம். நீர் வடிகட்டிகளுக்குப் போடும் குவார்ட்ஸ் மணல் போதும். ஓடுகளுக்கு வயல் நத்தையின் சிறிய ஓடுகளைக் கொதிக்கவைத்துக் கழுவிப் போட்டேன், உடனே குடியேறிவிட்டன. அலங்காரத்துக்காக நம்மூர் வெள்ளைக்கல்லை எடுத்துவந்து, வினிகர் விட்டுப் பார்த்து, நுரை வரவில்லை, ஆகவே இது கார்பனேட் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. மாக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் நுரைக்காது. சூடான அமிலத்தில்தான் நுரைக்கும். டாங்கனிக்கா தொட்டியில் அது இருந்தால் கெடுதல் இல்லை, ஆனால் மென்னீர் மீன் வளர்ப்பவர்கள் அந்த வினிகர் சோதனையை நம்பிவிடக் கூடாது.

குஞ்சுகளுக்கு உணவாகும் ஆர்ட்டீமியா என்னும் நுண் இறாலைப் பொரிக்க, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய முட்டையில் பாதிகூடப் பொரிக்கவில்லை. கேட்டதற்கு, உங்கள் நீர்தான் சரியில்லை என்று பதில் வந்தது. அதே நீரில், சென்னைக் கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நண்பர் வாங்கி வந்த டப்பா அருமையாகப் பொரிக்கிறது. முட்டை வாங்குகிறவர்கள் தேதியைப் பார்த்து, சிறு டப்பாவாக வாங்குவது நலம்.

அடுத்த கவலை கோடை. மேசை விசிறியை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்புகள் தங்கிவிடும். ஆகையால் குறைந்ததை நிரப்ப வெறும் மழைநீரே தேவை, கலவை நீரைத் தினமும் ஊற்றினால் மக்னீசியம் ஏறிக்கொண்டே போகும். அதற்காக இன்னொரு 500 லிட்டர் தொட்டி வாங்கி மாடியில் வைக்கப் போகிறேன்.

இதற்கிடையில் ஏற்காட்டுத் தண்ணீரையும் இதே பியூரெட்டில் அளந்து பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. மலைமேல் இருப்பது சார்னோகைட் பாறை. அடிவாரத்து மாக்னசைட்டைப் போல அது எளிதில் கரைந்து நீரைக் கடினமாக்குவதில்லை. காப்பித் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் ஓடை நீரையும் கிணற்று நீரையும் தனித்தனிக் குப்பிகளில் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அது எதிர்பார்க்கிறபடி மென்மையாக இருந்தால், இரண்டடித் தொட்டி ஒன்றை, மென்னீரை விரும்பும் ராமிரெசி என்னும் சிக்லிட்டுக்கு ஒதுக்கலாம் என்றிருக்கிறேன். அதற்குக் கார்பனேட் கடினத்தன்மையைச் சுழிக்கு அருகில் அளக்க வேண்டியிருக்கும் என்பதால், அரை டிகிரி காட்டும் சொட்டுப் பெட்டி போதாது, 0.02 நார்மல் கந்தக அமிலமும் புரோமோகிரசால் கிரீன் நிறங்காட்டியும் வாங்கக் குறித்து வைத்திருக்கிறேன்.