200 மில்லி பாட்டில், இரண்டு கிளாஸ்

எங்கள் வீட்டில் ஸ்பார்க்லிங் வைன், அதாவது குமிழி விடும் வைன், குடிப்பது நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். 750 மில்லி பாட்டிலைத் திறந்தால் ஆளுக்கு ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்வோம். மிச்சம் பிரிட்ஜுக்குள் போகும். பாட்டில் வாயில் வெள்ளி ஸ்பூனைச் சொருகினால் வாயு போகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்து பார்த்தேன். ஸ்பூன் வைத்த பாட்டிலுக்கும் வைக்காத பாட்டிலுக்கும் நாக்கில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இரண்டுமே சப்பென்று ஆகிவிட்டன. நல்ல வைனைச் சிங்க்கில் கொட்டும்போது மனசு கேட்கவில்லை. அதனால்தான் மூன்று மாதமாகச் சின்ன பாட்டிலுக்கு மாறி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊற்றி அளந்து நோட்டில் எழுதி வருகிறேன்.

இங்கிலாந்தில், எங்கள் லெஸ்டர் நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் சாதாரணமாகக் கிடைப்பது 200 மில்லி புரோசெக்கோ என்கிற இத்தாலிய ஸ்பார்க்லிங் வைன். ஐரோப்பாவில் ஸ்பார்க்லிங் வைனை 125, 200, 375, 750, 1500 மில்லி ஆகிய அளவுகளில் அடைக்கிறார்கள். அமெரிக்காவில் சின்ன பாட்டில் என்றால் 187 மில்லி, அதாவது பெரிய பாட்டிலில் கால் பங்கு. 200 மில்லியை ஐரோப்பாவில் பிக்கோலோ என்பார்கள். இத்தாலிய மொழியில் ‘சிறியது’ என்று அர்த்தம்.

நான் புரோசெக்கோவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பிரான்ஸின் ஷாம்பெய்னில் வாயு உண்டாகிற இரண்டாவது நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயே நடக்க வேண்டும். இவ்வளவு சின்ன பாட்டிலில் அதைச் செய்வது சிரமம் என்பதால், பெரிய பாட்டிலில் நொதித்த வைனை அழுத்தம் குறையாமல் சின்னதற்கு மாற்றித்தான் பெரும்பாலும் அடைக்கிறார்கள். புரோசெக்கோ ஸ்பூமான்டே (நன்றாகக் குமிழி விடும் வகை) பெரிய எஃகுத் தொட்டியில் நொதித்த பிறகே பாட்டிலுக்கு வருகிறது. பாட்டில் சின்னதோ பெரியதோ, உள்ளே இருப்பது ஒரே தொட்டிச் சரக்கு. ஆனாலும் சின்ன பாட்டிலை மாதக்கணக்கில் சேர்த்து வைக்கக் கூடாது. வைனின் அளவோடு பார்த்தால் கழுத்தில் இருக்கிற காற்று அதிகம், சீக்கிரம் பழசாகிவிடும்.

முதல் வெள்ளிக்கிழமை நடந்தது இது. இரண்டு ஃப்ளூட் கிளாஸை (ஒடுங்கிய உயரமான கிளாஸ்) மேசையில் நேராக நிறுத்தி, மேலிருந்து ஊற்றினேன். பால் பொங்குவது போல நுரை விளிம்புக்கு வந்துவிட்டது. அடங்கியதும் பார்த்தால் கிளாஸில் கால்வாசிகூட வைன் இல்லை. நிறுத்தி நிறுத்தி மூன்று தவணையாக ஊற்றி முடித்தேன். “ஏங்க, உங்களுக்குக் கூட வந்திருக்கு பாருங்க” என்றேன். சமையல் தராசில் வைத்தோம்: அவருடையது 112 கிராம், என்னுடையது 84. இந்த வைன் ஏறக்குறைய தண்ணீரின் எடைதான் என்பதால் கிராமை அப்படியே மில்லியாக எடுத்துக்கொள்ளலாம். அளவுக் குடுவை வாங்க வேண்டியதில்லை. கிளாஸை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு ஊற்றினால் போதும்.

அடுத்த வாரம் கிளாஸைச் சாய்த்துப் பிடித்தேன். பிரான்ஸில் ரீம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே-பெலேர் குழு 2010-இல் ஷாம்பெய்னை இரண்டு விதமாக ஊற்றி அளந்து பார்த்தது. பீர் ஊற்றுவது போல, சாய்த்த கிளாஸின் சுவரோரமாக ஊற்றும்போது கரியமில வாயு கூடுதலாக வைனிலேயே தங்குகிறது என்பது அவர்கள் கண்டது. வைன் குளிர்ச்சியாக இருந்தால் இழப்பு இன்னும் குறைவு. நம் ஊர் டீக்கடையில் உயரத்திலிருந்து ஆற்றுவது நுரைக்காகவும் சூடு குறையவும்தானே. இங்கே நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். பாட்டில் வாய் கிளாஸ் விளிம்பை ஒட்டியே இருக்க வேண்டும், வைன் கண்ணாடியில் வழிந்து இறங்க வேண்டும்.

இன்னொன்றும் கைகொடுத்தது. முதலில் இரண்டு கிளாஸிலும் 30 மில்லி மட்டும் ஊற்றி நுரை அடங்க விடுகிறேன். அதற்குள் கண்ணாடி நனைந்து குளிர்ந்துவிடுகிறது. அதன் மேல் ஊற்றும்போது நுரை பாதிகூட எழுவதில்லை.

குளிர்ச்சிதான் எனக்கு அதிகம் வேலை வைத்தது. சின்ன பாட்டில் சீக்கிரம் குளிர்கிறது, அதே வேகத்தில் சூடாகிறது. ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் கழுத்து வரை மூழ்க வைத்தால் கால் மணி நேரம் போதும். ஆனால் எடுத்து மேசையில் வைத்துவிட்டு முறுக்குத் தட்டை எடுக்கப் போய் வருவதற்குள் வெப்பமானி ஏறத் தொடங்கிவிடுகிறது. இப்போது 6 டிகிரியில் திறக்கிறேன். கிளாஸில் விழுந்து, முதல் வாய் வைக்கும்போது 8-ஐத் தாண்டிவிடும், சுவைக்கு அது சரியான இடம். பாட்டிலின் உடம்பைக் கையால் பொத்திப் பிடிப்பதையும் விட்டுவிட்டேன், அடிப்பக்கத்தைத்தான் பிடிக்கிறேன்.

திருகு மூடிதானே என்று அலட்சியமாகத் திறக்கவும் கூடாது. 200 மில்லி வரை இப்படிப்பட்ட மூடிக்கு ஐரோப்பிய விதி இடம் தருகிறது, அதற்கு மேல் கம்பி கட்டிய காளான் வடிவத் தக்கை. மூடி எதுவானாலும், 20 டிகிரியில் உள்ளே அழுத்தம் குறைந்தது 3 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). மெல்லத் திருகி, ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் அடங்கும் வரை அப்படியே பிடித்திருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது.

ஆறாம் வாரம் ஒரு விசித்திரம். என் கிளாஸில் குமிழியே இல்லை, அவர் கிளாஸில் அடியிலிருந்து நான்கைந்து சரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரே பாட்டில், ஒரே ஊற்று. விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சரமும் ஒரே புள்ளியிலிருந்து, ஊசியில் கோர்த்த முத்து மாதிரி, மேலே போகப் போகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்தப் புள்ளியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பஞ்சு இழை. அவர் கிளாஸை நான் பருத்தித் துணியால் துடைத்திருந்தேன், என்னுடையது கவிழ்த்து வைத்துத் தானாகக் காய்ந்தது. வழுவழுப்பான கண்ணாடியில் குமிழி பிறக்க இடமில்லை. இழைக்குள் சிக்கிய காற்றில்தான் அது உருவாகிறது. இப்போது கிளாஸைச் சோப்பு வாடை போகும் வரை வெந்நீரில் அலசி, சுத்தமான துணியால் உள்ளே ஒரே ஒரு சுற்று துடைக்கிறேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 11 சதவீதம் உள்ள 200 மில்லியில் 22 மில்லி சுத்த ஆல்கஹால், 10 மில்லிக்கு ஒரு யூனிட் என்கிற பிரிட்டன் கணக்கில் 2.2 யூனிட். ‘ஒருத்தருக்கு ஒரு பாட்டில்’ என்று நினைத்துக் குடித்தால் வழக்கமான 125 மில்லி கிளாஸ் ஒன்றரைக்கு மேல் குடித்ததாகிவிடும். பாட்டில் சின்னதாக இருப்பதால் அது தெரிவதில்லை. பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 1.1. வண்டி ஓட்டுகிற நாளில் நாங்கள் அதையும் தொடுவதில்லை.

போன மாதம் கொழுந்தனார் கல்யாணப் பதிவுக்கு 16 பேருக்கு வாழ்த்துக் கிளாஸ் ஊற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆளுக்கு 100 மில்லி என்றால் சின்ன பாட்டில் எட்டு, பெரிய பாட்டில் மூன்று. கூட்டத்துக்குப் பெரியதுதான் சரி. விலையும் குறைவு, ஊற்றும் வரை குளிர்ச்சியும் நிற்கும். பெரியதையே வாங்கினேன்.

நேற்றைய அளவு: அவருக்கு 98 கிராம், எனக்கு 99. அடுத்து 375 மில்லி பாட்டிலைக் கிளிப் மூடி போட்டு இரண்டு நாள் வைத்துப் பார்க்கப் போகிறேன்.