இரண்டாவதாகப் பாடுகிறவர்கள்

டிரென்டனில் ரயில் மாறும்போதே பனி விழ ஆரம்பித்துவிட்டது. 2017 டிசம்பர் 9, சனிக்கிழமை. மகளுக்கு அப்போது பதினொரு வயது. இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, குல்லா, கையுறை என்று மூட்டை மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஃபிலடெல்ஃபியாவில் நடக்கும் ஆர்மி–நேவி அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போகிறோம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய தம்பி வெஸ்ட் பாயின்டில் படித்தவர். அந்த வருடம் அவர்கள் வீட்டில் யாராலும் போக முடியாததால் இரண்டு டிக்கெட் எங்களுக்குக் கிடைத்தது. "மத்தியானமே உள்ளே போய் உட்கார்ந்துவிடுங்கள். அணிவகுப்பைத் தவறவிடாதீர்கள், கடைசிப் பாட்டு முடியும்வரை எழுந்திருக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"நாம எந்தப் பக்கம்ப்பா?" என்றாள் மகள். அங்கே போய் முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்றேன்.

இந்த இரண்டு அணிகளும் மற்றக் கல்லூரி அணிகளைப் போன்றவை அல்ல. ஆர்மி என்பது நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி. நேவி என்பது மேரிலாண்டில் அன்னாபொலிஸில் இருக்கும் கடற்படைக் கல்லூரி. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 4,400 மாணவர்கள். படிப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பட்டம் வாங்கியதும் குறைந்தது ஐந்து வருடம் படையில் வேலை பார்க்க வேண்டும். மற்றப் பெரிய கல்லூரிகளில் ஆடுகிற பையன்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் தரும் தொழில்முறை ஆட்டம் கண்ணில் தெரியும். இங்கே ஆடுகிற பெரும்பாலானவர்களுக்கு இதுதான் கடைசி ஃபுட்பால்.

முதல் ஆட்டம் 1890இல் வெஸ்ட் பாயின்ட் மைதானத்தில் நடந்தது. நேவி 24-0 என்று ஜெயித்தது. 1893 ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்துப் பெரிய அதிகாரிகளுக்குள் வாக்குவாதம் முற்றி, துப்பாக்கிச் சண்டை வரை போகவிருந்தது என்று சொல்வார்கள். அதன் பிறகு சில வருடம் ஆட்டமே நிறுத்தப்பட்டது. 1899இல் மறுபடி தொடங்கியபோது இரு கல்லூரிகளுக்கும் பொதுவான இடமாக ஃபிலடெல்ஃபியாவைப் பிடித்தார்கள். இன்றுவரை வேறெந்த ஊரையும்விட அதிகமாக ஆட்டம் நடந்திருப்பது அங்கேதான்.

சென்டர் சிட்டியில் இறங்கி, பிராட் ஸ்ட்ரீட் சுரங்க ரயிலில் தெற்கே கடைசி நிலையம் வரை போனோம். பெட்டி முழுக்க கறுப்பும் பொன்னிறமும் ஒரு பக்கம், நீலமும் பொன்னிறமும் இன்னொரு பக்கம். யாரும் யாரையும் திட்டவில்லை. ஃபிலடெல்ஃபியா ரசிகர்களின் வாயைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்த எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

அணிவகுப்பை எப்படிச் சொல்வது? வெறும் வெள்ளையாகக் கிடந்த மைதானத்தில் முழங்கால்வரை தொங்கும் சாம்பல் நிறக் கோட்டுகளோடு வெஸ்ட் பாயின்ட் கேடட்டுகள் வரிசை வரிசையாக நுழைந்தார்கள். கல்லூரி முழுவதும் வருகிறது. ஆடுகிறவர்கள் மட்டும்தான் இதில் இல்லை. கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக அன்னாபொலிஸ் மாணவர்களும் அப்படியே. தோளில் பனி ஏறிக்கொண்டே இருக்கிறது, ஒருவர்கூடத் தட்டிவிடவில்லை. மகள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு சின்னச் சடங்கு. ஒவ்வொரு பருவமும் சில மாணவர்கள் இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் போய்ப் படிப்பார்கள். ஆட்டத்தன்று அவர்களை மைதானத்தின் நடுவுக்குக் கூட்டிவந்து அவரவர் பக்கத்துக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். இதற்குப் பெயர் கைதிகள் பரிமாற்றம். தன் ஆட்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கக் கிடைத்த விடுதலையில் அந்தப் பையன்களும் பெண்களும் ஓடின ஓட்டம் இருக்கிறதே!

மகளுக்குப் பிடித்தது கோவேறு கழுதைதான். நேவி அணியின் சின்னம் பில் என்ற ஆடு, ஆர்மியின் சின்னம் கோவேறு கழுதை. ஆடுதான் முதலில் வந்தது, அதற்குப் பதிலாக 1899இல் கழுதை வந்தது. 1953இல் கேடட்டுகள் அந்த ஆட்டையே கடத்திக்கொண்டு போய், மேலிடத்து உத்தரவு வந்தபின் திருப்பிக் கொடுத்தார்கள். நேவி மாணவர்கள் 1991இல் கழுதைகளைத் தூக்கிப் பதிலடி கொடுத்தார்கள்.

எங்கள் வரிசையில் வயதான ஒருவர் நீலத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கடற்படையில் இருந்து ஓய்வுபெற்றவர். மகள் கையைத் தேய்ப்பதைப் பார்த்து, சூடு தரும் சின்னப் பொட்டலங்கள் இரண்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 1963 ஆட்டத்துக்குச் சிறுவனாக அப்பாவோடு வந்தாராம். கென்னடி கொல்லப்பட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்த நேரம் அது; ஆட்டத்தையே ரத்து செய்ய நினைத்தார்கள். கென்னடி கடற்படைக்காரர், இந்த ஆட்டத்துக்கு வழக்கமாக வந்தவர். நடத்துங்கள் என்று அவர் குடும்பமே கேட்டுக்கொண்டதால் டிசம்பர் 7ஆம் தேதிக்குத் தள்ளிவைத்து நடத்தினார்கள். நேவி 21-15 என்று ஜெயித்தது. ஆர்மி அணி நேவியின் எல்லைக்கோட்டுக்கு இரண்டு யார்டு தூரத்தில் நிற்கும்போது நேரம் முடிந்துபோனது. நேரடி ஒளிபரப்பில் நடந்த ஆட்டத்தை உடனே மறுபடி காட்டும் ரீப்ளே முதன்முதலாக வந்ததும் அன்றுதான். அதைப் பார்த்தவர்கள் ஆர்மி எல்லையைத் தாண்டி இன்னொரு டச்டவுன் போட்டுவிட்டதாக நினைத்துவிடக் கூடாதே என்று வர்ணனையாளர் விளக்க வேண்டியிருந்தது. "அந்த மைதானம் இதோ, இந்தப் பக்கம்தான் இருந்தது" என்று பனிக்குள் கைகாட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும்; எல்லையைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி; அதன் பின் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக ஒரு புள்ளி. மற்ற அணிகள் பந்தைத் தூரமாக எறிந்து ஆடும். இந்த இரண்டும் பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டே ஓடும். மலைபோன்ற உடம்புக்காரர்களைப் படையில் சேர்த்துக்கொள்ள முடியாது. அதனால் பந்து யாரிடம் இருக்கிறது என்று எதிராளியைக் குழப்பும் ஆட்டத்தைப் பழகியிருக்கிறார்கள். பனிக்கு அது ரொம்பப் பொருத்தம்.

அன்றைக்கு ஆர்மியின் உடை தலை முதல் கால்வரை வெள்ளை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் மலைகளில் போரிட்ட 10ஆவது மலைப் படைப்பிரிவின் நினைவாக மாதக்கணக்கில் முன்பே தைத்து வைத்தது. சரியாக அன்றே பனி கொட்டுகிறது! மேலே இருந்து பார்த்தால் பனியே எழுந்து ஓடுவதுபோல் இருந்தது. நேவி, கடற்படையின் சாகச விமானக் குழுவான புளூ ஏஞ்சல்ஸின் நீல நிறத்தில்.

முதல் டச்டவுன் ஆர்மியுடையது. பிறகு நேவியின் மால்கம் பெர்ரி 68 யார்டு ஒரே ஓட்டமாக ஓடி 7-7 ஆக்கினார். அன்று மொத்தம் 250 யார்டு ஓடினார் அவர். ஒவ்வொரு முறை புள்ளி சேரும்போதும் மாணவர்கள் கீழே இறங்கிவந்து, பனியில் கை ஊன்றித் தண்டால் எடுத்தார்கள். தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோல் (மூன்று புள்ளி) இரண்டு அடித்து நேவி 13-7. முடிய ஐந்து நிமிடம் சொச்சம் இருக்கும்போது ஆர்மியின் அஹ்மத் பிராட்ஷா எல்லையைத் தாண்டி நுழைந்தார். கூடுதல் புள்ளியோடு 14-13. கடைசி நொடியில் நேவிக்கு 48 யார்டிலிருந்து ஓர் உதை. பந்து இடது பக்கமாக விலகிப் போனது. எங்கள் வரிசைப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

2016இல் ஜெயிக்கும்வரை ஆர்மி இந்த ஆட்டத்தில் தொடர்ந்து 14 முறை தோற்றிருந்தது. 1996க்குப் பிறகு ஜனாதிபதி பெயரிலான முப்படைக் கோப்பையும் இந்த 2017 வெற்றியில்தான் கையில் வந்தது. அந்தச் சத்தத்தில் நான் எதிர்பார்த்தது கொண்டாட்டம்தான்.

ஆனால் இரண்டு அணிகளும் சேர்ந்து முதலில் நேவி மாணவர்கள் இருந்த பக்கம் நடந்தன. தோற்றவர்களின் கல்லூரிப் பாட்டுதான் முதலில். ஜெயித்தவர்கள் பக்கத்தில் அசையாமல் நின்றார்கள். சற்றுமுன் ஒருவரையொருவர் பனியில் புரட்டியெடுத்தவர்கள். அப்புறம் எல்லாருமாக மைதானத்தைக் கடந்து ஆர்மி பக்கம் போய் நின்றார்கள். இரண்டாவதாகப் பாடுவதுதான் வெற்றி. வருடம் முழுக்க அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் அதுதான்: இரண்டாவதாகப் பாட வேண்டும்.

நீலத் தொப்பிப் பெரியவர் முதல் பாட்டை வாய்விட்டுப் பாடினார். தொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தார். பாட்டு முடிந்ததும் உட்காரவில்லை, கிளம்பவும் இல்லை.

"உங்க டீம் தோத்துடுச்சே, நீங்க போகலையா?" என்று மகள் கேட்டுவிட்டாள்.

"இன்னும் ஒரு பாட்டு இருக்கும்மா" என்றார்.

அதுவும் முடிந்த பிறகுதான் தொப்பியை உதறித் தலையில் வைத்துக்கொண்டார்.